கழுவாத மூன்று சனிக்கிழமைகள்

ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் நான் ஆறு வருடம் சுகாதார சூப்பர்வைசராக இருந்தேன். தரையைத் துடைத்தார்களா, தட்டுகளை வெந்நீரில் அலசினார்களா, பரிமாறுகிறவர்கள் தலைக்கு வலை போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. பார்த்ததற்கு அடையாளமாகச் சுவரில் தொங்கும் அட்டைகளில் டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். கேன்டீனை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி எடுத்து நடத்தியது. நாங்கள் எல்லோரும் அவர்களுடைய ஆட்கள்.

சமையல் மாஸ்டரும் அவர் மனைவியும் சேர்ந்து அங்கே வேலைக்கு வந்தார்கள். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், நாட்றாம்பாளையத்துக்காரர்கள். மானாவாரி நிலம். கேழ்வரகு கதிர் பிடிக்கிற நேரத்தில் யானை இறங்கிவிடும். இரண்டு வருடம் தொடர்ந்து அப்படி ஆனதும் நிலத்தை மாஸ்டரின் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து பாகலூர் ரோட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்த்தாள். மாஸ்டர் அடுப்படியில் நின்றார். அவர் மனைவி பாத்திரம் கழுவினார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அக்காவுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். பால் வண்டிக்காரரிடம் கன்னடத்திலும், காய்கறி இறக்குகிறவரிடம் தெலுங்கிலும் பேசிவிட்டு அதே மூச்சில் என்னிடம் தமிழுக்கு வருவார். என் அப்பா இறந்தபோது ஷிப்ட் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு நாள் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டவர். வந்திருந்த எங்கள் சொந்தக்காரர்களுக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. மாதா கோயிலில் அப்பாவுக்குப் பூசை நடந்தபோது பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்தால் எழுந்தார். முழங்கால் போட்டால் அவரும் போட்டார்.

மாஸ்டருக்குத் தயிர் ஒரு கௌரவம். பாக்கெட் தயிர் வாங்கிக்கொள்ளச் சொல்லி கேன்டீன் மேனேஜர் பலமுறை கேட்டும் அவர் சம்மதிக்கவில்லை. பாலைத் தானே காய்ச்சி, விரல் விட்டுச் சூடு பார்த்து, உறை ஊற்றி மூடி வைப்பார். சித்திரை, வைகாசியில் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் தொழிலாளர்களுக்கு மோர் கொடுப்பார்கள். அந்தத் தயிரை அக்காதான் கடைந்து, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டு, ஐஸ் அள்ளிப் போட்டுக் கலக்குவார். இயந்திரங்களின் சூட்டில் நின்றுவிட்டு வருகிறவர்கள் டம்ளரைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டுதான் குடிப்பார்கள்.

ஐஸ் மெஷின் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. என் உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் பெட்டி. மேல் பாதியில் தண்ணீர் உறைந்து கட்டிகளாகும். கீழ்ப் பாதி கிடங்கு. அதற்குச் சாய்வான ஒரு கதவு. உள்ளே உருகுகிற தண்ணீர் அடியிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தரையிலுள்ள சாக்கடைத் துளைக்குப் போகும். பார்த்தால் உலகத்திலேயே சுத்தமான பொருள் மாதிரி இருக்கும். அவ்வளவு குளிரில் எந்தக் கிருமி பிழைக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு அப்படி இல்லை என்று தெரியும். வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஐஸும் சாப்பாடுதான் என்று அதில் சொன்னார்கள். உறைந்தால் கிருமி சாவதில்லை, காத்திருக்கும் என்றார்கள். வாரம் ஒருமுறை மெஷினை அணைத்து, இருக்கிற ஐஸ் முழுவதையும் கொட்டிவிட்டு, உப்புப் படிவை மருந்து ஊற்றிக் கரைத்து, கிடங்கைத் தேய்த்துக் கழுவி, குளோரின் தண்ணீரில் துடைத்து, திரும்ப ஓடவிட்டு, முதலில் விழுகிற ஐஸையும் கொட்ட வேண்டும். அரை நாள் வேலை. எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் ஒரு வாரம் விட்டாலும் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். அந்தச் சொரசொரப்பில் வழவழப்பான அழுக்கு பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொன்னார்கள். உருகும் தண்ணீர்க் குழாயின் நுனி சாக்கடைத் துளைக்குள் இறங்கவே கூடாது. ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சாக்கடை அடைத்துக்கொள்ளும்போது அது குழாய் வழியே ஏறிக் கிடங்குக்கு வந்துவிடும்.

கழுவுவது சனிக்கிழமை மதியம். அந்தச் சித்திரையில் வெயில் கொளுத்தியது. முதல் சனிக்கிழமை மேனேஜர் வந்து, இரண்டாவது ஷிப்டுக்கும் மோர் கேட்கிறார்கள், இன்று மெஷினை அணைக்க வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அட்டையில் கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வரும் என்பதால் டிக் போட்டேன். இரண்டாவது சனிக்கிழமை சித்தி மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போக வேண்டியிருந்தது. கதவையும் வெளிப்பக்கத்தையும் மட்டும் துடைத்துவிட்டு டிக் போட்டேன். மூன்றாவது சனிக்கிழமைக்குக் காரணம் எதுவும் இல்லை. பழகிவிட்டது.

அந்த வாரங்களில்தான் ஐஸ் மெஷின் குழாய்த் தண்ணீர் தரையில் தெறித்து ஒருவர் வழுக்கி விழுந்தார். பிளம்பர் வந்து குழாயோடு ஒரு துண்டு சேர்த்துத் துளைக்குள் சொருகிவிட்டுப் போனார். பார்த்தேன். இப்படி வைக்கக் கூடாது, அவரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. திங்கட்கிழமை காலையில் நாங்கள் போனபோது கழுவும் இடத்தில் சாக்கடைத் தண்ணீர் ஏறி இறங்கிய அடையாளம் இருந்தது. சுவரோரம் கறுப்புக் கோடு. அக்காவும் நானும் இன்னொரு பெண்ணும் பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்தோம். நாற்றம் போனதும் வேலையைத் தொடங்கிவிட்டோம். ஐஸ் பெட்டியை நான் திறந்து பார்க்கவில்லை. அது என் நினைவுக்கு வரவே இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவார்களா என்று தெரியவில்லை. உண்மை அதுதான்.

பதினொரு மணிக்கு மோர் போனது. நாலு மணிக்கும் போனது. கடைசியில் அண்டாவில் மிஞ்சியதை இரண்டு டம்ளரில் ஊற்றி, பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அக்கா குடித்தார். எனக்கு ஒன்றை நீட்டினார். தொண்டை கரகரப்பாக இருந்ததால் வேண்டாம் என்றேன். அதையும் அவரே குடித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. சாயங்காலம் ஆனால் களைத்துப் போவார்.

செவ்வாய்க்கிழமை நான் ஆறரை மணிக்கே வந்துவிட்டேன். கேட்டிலேயே செக்யூரிட்டி சொன்னார், முதல் ஷிப்டில் பாதிப் பேர் வரவில்லையாம், தொழிற்சாலை ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு இரவெல்லாம் வாந்தியும் பேதியுமாம். மாஸ்டர் வரவில்லை. அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பதாக ஃபோன் வந்தது.

எனக்குக் கால் தானாகவே ஐஸ் மெஷினுக்குப் போனது. கதவைத் திறந்து மேல் ஐஸை ஒதுக்கினேன். அடியில் இருந்த ஐஸ் சாம்பல் நிறமாக இருந்தது. கட்டிகளுக்கு நடுவே முடிபோல் அழுக்கு ஒட்டியிருந்தது. குனிந்தபோது சாக்கடை வாடை வந்தது. கதவின் உள்விளிம்பில் விரலை வைத்தால் ரோஸ் நிறத்தில் கொழகொழவென்று இழுத்துக்கொண்டு வந்தது.

அப்போது நான் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை யாருக்கும் சரியாக விளக்க முடியவில்லை. கழுவும் இடத்தின் கதவைத் தாழிட்டுக்கொண்டு மெஷினைக் கழுவினேன். மூன்று வாரம் செய்யாததை ஒரே காலையில் செய்தேன். ஐஸைக் கொட்டி வெந்நீர் ஊற்றிக் கரைத்தேன். தேய்த்தேன், குளோரின் போட்டேன், மறுபடி தேய்த்தேன். குழாயில் சேர்த்திருந்த துண்டைக் கத்தியால் அறுத்து எறிந்தேன். இன்னும் யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு மெஷினை அணைத்துக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தால் போதும்.

மதியம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். முந்தின நாள் மிச்சத் தயிர், தொட்டித் தண்ணீர், மசாலா எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். புதிதாக விழுந்த ஐஸிலும் எடுத்தார். அட்டைகளைப் பார்த்தார். ஒரு கட்டமும் காலி இல்லை. மெஷினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று என்னிடம் சொன்னார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவுக்குக் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் உள்ளே போய், உதடு வெடித்திருந்தது. சிறுநீர் சரியாகப் போகவில்லை, கிட்னியைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாஸ்டர் இளநீர் வாங்கக் கீழே போயிருந்தார். ஹாஸ்டல் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்றுதான் அக்கா முதலில் கேட்டார். தேறிவிட்டார்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தயிரு கெடல கண்ணு. நான் வாயில வச்சுப் பாத்துத்தான் கடஞ்சேன். இவரு நம்ப மாட்டேங்கறாரு. தன் கையிலதான் கோளாறுன்னு சொல்லிச் சொல்லி அழுவறாரு. நீயாச்சும் எடுத்துச் சொல்லு."

"சொல்றேங்க்கா" என்றேன்.

மாஸ்டர் இளநீரோடு வந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போகச் சொல்வாரோ என்று பயந்தேன். அவர் இன்னொரு இளநீரை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் அக்கா இறந்துபோனார். ஊருக்குக் கொண்டுபோய் அவர்கள் நிலத்திலேயே அடக்கம் செய்தார்கள். கேன்டீனிலிருந்து ஒரு வேனில் போனோம்.  மண் போடும்போது மாஸ்டர், "நான் போட்ட ஒறையிலயே போயிட்டியே" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அது நன்றாகக் கேட்டது.

பரிசோதனை முடிவில் மிச்சத் தயிரில் கிருமி அதிகம் என்று வந்தது. ஒரு நாள் திறந்து கிடந்த தயிரில் அது எப்படியும் இருக்கும் என்று பிறகு ஒருவர் எனக்குச் சொன்னார். அப்போது யாரும் அப்படிப் பேசவில்லை. ஐஸ் சுத்தம், தண்ணீர் சுத்தம். மாஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார்.

நான் கோயிலுக்குப் போய் நடந்ததைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, கடவுள் மன்னிப்பார், ஆனால் அந்த மனிதர் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே, அதை யார் எடுப்பது என்று கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அடுத்த இரண்டு ஞாயிறு பூசைக்கே போகவில்லை.

ஏழு வாரம் கழித்து மாஸ்டரின் மகள் ஃபோன் செய்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு அப்போதுதான் பெங்களூர் திரும்பியிருந்தாள். அப்பா அடுப்புப் பக்கமே போவதில்லை, சித்தப்பா வீட்டில் கொடுப்பதைத் தின்கிறார், அவர்கள் கொடுக்காத அன்று பட்டினி, அம்மாவுக்கு நீங்கள்தானே நெருக்கம், ஒருதரம் போய்ப் பேசிப் பாருங்கள் என்றாள். சரி என்று சொல்லி ஃபோனை வைத்தபோது, அக்காவிடமும் இதே மாதிரி ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று மாறி மாறி நாட்றாம்பாளையம் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. மாஸ்டர் நிலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். விதைப்புக்கு மழையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்து வரப்பைத் தட்டி உட்காரச் சொன்னார்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயமாக இருந்தது.

"மாஸ்டர், தயிர்ல ஒண்ணும் இல்ல. ஐஸ்லதான் இருந்துச்சு. மூணு வாரமா நான் அந்த மெஷினக் கழுவல. கழுவினதா டிக் போட்டேன். மழையில சாக்கட ஏறி உள்ள வந்திருக்கு. அந்த ஐஸத்தான் அக்கா மோர்ல போட்டாங்க."

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே போடவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழம காலையிலயே."

 "செவ்வாக்கிழம அவ உசுரோட இருந்தாளே" என்றார். குரல் உயரவில்லை. "என்ன சாப்ட்டாங்க, என்ன குடிச்சாங்கன்னு டாக்டரு கேட்டாரே. நான் தயிருன்னு சொன்னேனே."

ஐஸ் என்று சொல்லியிருந்தாலும் வைத்தியம் அதேதான், மாறியிருக்காது என்று எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அது அவருக்கு ஆறுதலா, எனக்கு ஆறுதலா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பதிலாக, அக்கா ஆஸ்பத்திரியில் தயிர் கெடவில்லை என்று சொன்னதையும், உங்களிடம் எடுத்துச் சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். துண்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் தோளைத் தொட எனக்கு உரிமை இல்லை. அடக்கம் செய்த இடம் நாலு வரப்பு தள்ளித் தெரிந்தது. ஆடு ஏறாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரமோ. எழுந்து தம்பி வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"குடிச்சிட்டுப் பொறப்படு. மூணு மணிக்கு பஸ்ஸு."

குடித்தேன். சொம்பை வாங்கிக்கொண்டார்.

"இனிமே இங்க வராத கண்ணு" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணு என்று சொல்லிவிட்டாரே என்று பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கன்னடத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கியது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள், நடந்ததையெல்லாம் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கம்பெனியிலும் இன்னொன்றை அதிகாரியிடமும் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, ஏனம்மா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார். பதில் எழுதச் சொன்னார். பயந்துவிட்டேன் என்று ஒரே வரி எழுதினேன். கம்பெனி என்னை நிறுத்திவிட்டது. பிறகு அதிகாரிகள் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். மாஸ்டர் மேல் குற்றம் இல்லை என்று அவருக்குக் கடிதம் போனது. திரும்ப வேலைக்கும் கூப்பிட்டார்களாம். அவர் வரவில்லை.

ஆவணி கடைசியில் மாஸ்டரின் மகள் ஒருதரம் அழைத்தாள். 

"அப்பா நேத்து சோறு ஆக்கினாரு. அத மட்டும் சொல்லத்தான் பண்ணினேன். வேற எதுவும் எங்கிட்ட கேக்காதீங்க" என்றாள்.

"சரிம்மா" என்றேன். அதற்குள் வைத்துவிட்டாள். அதன்பின் அவள் எண்ணுக்கு நான் அழைக்கவில்லை. அழைத்தால் எடுக்கமாட்டாள் என்று தெரியும். எடுத்துவிட்டால் என்ன பேசுவேன் என்பதும் தெரியாது.

இப்போது கர்நாடக எல்லைப் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை செய்கிறேன். பாத்திரம் கழுவுகிற வேலை. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கேயும் ஒரு ஐஸ் மெஷின் இருக்கிறது. அதைக் கழுவுவது வேறொருவர் பொறுப்பு. ஆனால் வேலைக்குப் போனதும் முதலில் குனிந்து குழாயின் நுனி துளைக்கு மேலே நிற்கிறதா என்று பார்ப்பேன். கதவின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். கழுவுகிற நாளில் கழுவாமல் விட்டால் ஓனரிடமே போய்ச் சொல்லிவிடுவேன். அங்கே என்னை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

கார்த்திகைக்கு முன்னால் கல்லறைத் திருநாள் வந்தது. அம்மாவும் நானும் அப்பாவின் கல்லறைக்குப் போய்ச் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். நான் கொஞ்சம் தள்ளி, வெறும் மண்ணில் இன்னொன்றை நட்டு ஏற்றினேன். காற்று அடித்து அணைந்தது. மறுபடி ஏற்றினேன். யாருக்கு என்று அம்மா கேட்டார். கூட வேலை செய்த அக்காவுக்கு என்றேன். யார், நம் வீட்டில் ஏழு நாள் சமைத்தாரே, அவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எப்படி இறந்தார் என்று அம்மா கேட்கவில்லை. அவருக்கு இதுவரை நான் சொல்லவும் இல்லை. முட்டி போட முடியாத அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, அந்த மெழுகுவர்த்திக்கும் மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரம் ஒன்று சொன்னார். நானும் கூடவே சொல்லத் தொடங்கினேன். பாதியில் குரல் நின்றுவிட்டது. மீதியை அம்மா தனியாகச் சொல்லி முடித்தார்.